இடிக்குளாவின் மூன்று டெராபைட்

அப்பாவை, எங்கள் பேச்சில் அப்பச்சனை, அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலையில் தங்கச்சன் வந்தார். வீட்டுக்குள் வராமல் முற்றத்திலேயே நின்றார். இருபத்திரண்டு வருடம் அப்பச்சனின் கேமராவுக்கு விளக்குப் பிடித்தவர். எங்கள் சமையலறைக்குள் போய்த் தானே பால் விடாத கட்டன் சாயா போட்டுக் குடிக்கிறவர். அன்று வாசற்படி கூட ஏறவில்லை.

"பின்சீ, மூணு டிபி ஹார்டு டிஸ்க் எழுநூத்து நாப்பத்தாறு ஜிபின்னு காட்டுமா?"

"அதுல என்ன செஞ்சீங்க சேட்டா?"

"காட்டுமா காட்டாதா, அத மொதல்ல சொல்லு மோளே."

"காட்டும். என்ன செஞ்சீங்க?"

"ஃபார்மட் அடிச்சுட்டேன்."

நான் படியில் உட்கார்ந்தேன். அவரும் மண்ணில் குந்தினார்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை மதியம் அப்பச்சனின் அடக்கத்துக்காக நாங்கள் எல்லோரும் கோயிலில் இருந்தோம். துலாம் மாதம், அதாவது ஐப்பசி. கேரளத்தில் எங்கள் ரான்னியில் துலாம் மாதத்து இடி மூன்று மணிக்கு வரும். அப்பச்சன் தினமும் இரண்டு மணிக்கே ஸ்டூடியோவில் எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிடுவார். அங்காடியில் அதைப் பார்த்துத்தான் குடை எடுப்பார்கள். அன்று பிடுங்க ஆளில்லை. புது கம்ப்யூட்டர் கருகிவிட்டது.

அதற்குள் இரண்டு ஹார்டு டிஸ்க் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே அளவு, மூன்று டெராபைட். ஒன்றில் இரண்டு வருட வேலை. மற்றது ஓணத்துக்கு வாங்கிப் பொருத்தியது, காலி. செவ்வாய்க்கிழமை தங்கச்சன் இரண்டையும் கழற்றி, பின்னறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஒன்றை மாட்டினார். எழுநூற்று நாற்பத்தாறு ஜிபி என்று காட்டியது. இன்னும் தயார் செய்யப்படாத டிஸ்க், தயார் செய்யட்டுமா என்று கேட்டது.

"காலி டிஸ்க்தான் கையில வந்திருக்குன்னு நெனச்சேன். மூணு டிபின்னு சொல்லி முக்கால் டிபிய தலையில கட்டிட்டான், கடைக்காரன நாலு வார்த்தை கேக்கணும்னும் நெனச்சேன். ஓகே குடுத்தேன். அச்சாயனோட, உங்க அப்பச்சனோட, அடக்க வீடியோவ அதுல ஏத்தினேன். அம்பத்தெட்டு ஜிபி. அப்புறம் இன்னொரு டிஸ்க்க மாட்டிப் பாத்தா அதுவும் எழுநூத்து நாப்பத்தாறு. அதுவும் காலி."

"ரெண்டும் காலி."

"ரெண்டும் காலி. அப்பத்தான் மோளே தப்பு பண்ணிட்டேன்னு ஒறச்சுது."

எழுநூற்று நாற்பத்தாறு என்ற எண்ணைக் கேட்டதுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் புனேயில் இந்த மாதிரிக் கருவிகளுக்குத்தான் மென்பொருள் எழுதுகிறேன். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி 99999 ஓடிய பிறகு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஸ்கூட்டர் லட்சம் ஓடியது அதற்குத் தெரியாது. பழைய கம்ப்யூட்டரும் அப்படித்தான். 2048 ஜிபி வரை எண்ணும், பிறகு பூஜ்யம். இந்த டிஸ்க்கின் உண்மையான அளவு, கம்ப்யூட்டர் கணக்கில், 2794 ஜிபி. அதில் 2048 போனால் 746.

டிஸ்க் கெடவில்லை. கடைக்காரன் ஏமாற்றவுமில்லை. எண்ணத் தெரியாத ஒன்று, தனக்குத் தெரிந்த வரைக்கும் எண்ணிவிட்டு, மிச்சம் காலி என்று சொல்லியிருக்கிறது.

"சோசாம்மாச்சி அடக்கம் அதுலதான் இருக்கு," என்றார் தங்கச்சன்.

"கேமரா கார்டு?"

"அந்தக் கார்டுலதான் அச்சாயனோடத எடுத்தேன்."

சோசாம்மாவின் அடக்கம் அப்பச்சனின் கடைசி வேலை. அது முடிந்து இரண்டாம் நாள் அவர் போனார். சோசாம்மாவின் ஒரே மகன் ஜோயிக்குட்டி குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டதால் அவரால் தாயின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அப்பச்சன் போனில் அவரிடம் சொன்னாராம்: "நீ வராத கொறைய நான் தீத்துடறேன் மோனே. ஒரு நிமிஷம் விடாம எடுக்கறேன்." ஜோயிக்குட்டியின் மனைவி லீலாம்மாவின் சித்தப்பா மகன் ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் குவைத் போகிறான். ஊறுகாய், வறுவலோடு அந்தப் படமும் போக வேண்டும். இன்று புதன்.

அப்பச்சனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கே. ஐ. இடிக்குளா. பத்தாம் வகுப்பு. ஸ்டூடியோவில் நெகடிவ் மீது பென்சிலால் பருவை அழிக்கும் வேலையில் தொடங்கியவர். பிறகு கல்யாணம், மாமோதிசா என்கிற ஞானஸ்நானம் எல்லாம் எடுத்தார். எண்பதுகளில் வளைகுடாவுக்கு ஆட்கள் போகப் போக, வர முடியாத பிள்ளைகளுக்கு அடக்கத்தைப் படம் பிடித்து அனுப்பும் வழக்கம் வந்தது. அதிலேயே அவர் நிலைத்துவிட்டார். கல்யாணம் புதிய பையன்களிடம் போனது. அவருக்கு வருத்தமில்லை. "கல்யாணத்துல பொண்ணோட அம்மாயி வரைக்கும் போஸ் குடுக்கும். பெட்டியில படுத்திருக்கறவங்க ஒரு தடவையாவது, 'அச்சாயா, இந்தப் பக்கத்துல எடு'ன்னு சொல்லியிருக்காங்களா?" என்பார்.

இந்தத் தொழிலால் அவருக்கு ஒரு இழப்பு இருந்தது. அவரால் நோயாளியைப் பார்க்கப் போக முடியாது. ஒருமுறை கீவர்கீஸ் மாமனுக்கு நிமோனியா என்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார். மாமன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் ஆகலடா இடிக்குளா, போயிட்டு ஒரு பத்து வருஷம் கழிச்சு வா," என்று கத்தினார். வீட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் ஆரஞ்சை யாரும் தொடவில்லை. அதன் பிறகு அவர் எந்த நோயாளி வீட்டுக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, தனக்காகக் கூட.

பள்ளியில் என்னைச் 'சாவுப்படம்' என்று கூப்பிடுவார்கள். நான் அவரிடம் சொன்னதில்லை.

வியாழக்கிழமை திருவல்லாவுக்குப் பஸ் ஏறினேன். ஹார்டு டிஸ்க்கை வெளியிலிருந்து மடிக்கணினியோடு இணைக்கும், இரண்டு டிஸ்க் கொள்ளும் பெட்டி வேண்டும். இரண்டு கடைகளில் இருந்த பெட்டிகளுக்கும் 2048 தான் எல்லை. மூன்றாவது கடையில் விற்கிறவர் அலுத்துக்கொண்டே மேலடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார்.

"ரெண்டு டிபிக்கு மேல இந்த ஊர்ல யாரு மேடம் வெச்சிருக்கா? சினிமாப் படமா?"

"அடக்கம்."

அவர் பெட்டியைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். பெட்டியை அங்கேயே மாட்டிப் பார்த்தேன். காலி டிஸ்க் 2794 என்று காட்டியது.

ஸ்டூடியோவுக்கு வந்து மற்றதை மாட்டினேன். அதுவும் 2794. ஒரு நல்ல செய்தி இருந்தது. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு தொடக்கத்தில் ஒன்று, நகலாகக் கடைசியில் ஒன்று என்று எழுதப்பட்டிருக்கும். பழைய கம்ப்யூட்டர் தொடக்கத்தில் இருந்ததை அழித்துவிட்டது. கடைசி என்று ஒரு இடம் இருப்பதே அதற்குத் தெரியாது. அதனால் நகல் அப்படியே இருந்தது.

கெட்ட செய்தி, கோப்புகளின் பெயர்ப் பட்டியல் போய்விட்டது. அது இருந்த இடத்தின் மேல் அப்பச்சனின் அடக்கம் எழுதப்பட்டிருந்தது.

"அப்ப சோசாம்மாச்சி கடைசியில தானே இருப்பாங்க? கடைசியா ஏத்தினது அதுதானே?" என்று கேட்டார் தங்கச்சன்.

"அப்பச்சன் பழசு எதையாவது அழிப்பாரா?"

"வெட்டி ஒட்டினத, பார்ட்டிக்குக் குடுத்ததும் அழிச்சுடுவார். முழுசா எடுத்தத மட்டும் வெச்சுப்பார்."

"அப்ப முன்னாடியெல்லாம் நடுநடுவுல காலி இடம் இருந்திருக்கும். புதுசு அதுல போய் உக்காந்திருக்கலாம். எங்க இருக்குன்னு சொல்ல முடியாது."

தங்கச்சன் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடிபட்ட டிஸ்க்கில் நேரடியாகத் தேடக் கூடாது. முதலில் காலி டிஸ்க்கில் முழு நகல், தேடுவது நகலில். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குத் தொடங்கினேன். ஏழு மணி நேரம் என்று காட்டியது. ஒன்றரைக்கு முடியும். இடி மூன்றுக்கு. போதும்.

போதவில்லை. டிஸ்க்கின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் முதல் மணி நேரத்து வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். ஒன்றரைக்கு 81 சதவீதம். இரண்டு மணிக்கு 86. அப்பச்சன் எழுந்து ப்ளக்கைப் பிடுங்கும் நேரம். மேற்கே வானம் கறுத்திருந்தது.

"பிடுங்கிடலாம் மோளே. நாளைக்குப் பாக்கலாம்," என்றார் தங்கச்சன்.

"பிடுங்கினா மொதல்லேருந்து."

"இடி விழுந்தா ஒண்ணுமே இல்ல. ரெண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில உக்காந்திருக்கு."

அவர் சொன்னது சரி. இரண்டே முக்காலுக்கு 94. முதல் உறுமல் கேட்டது. தெருவில் கடைக்காரர்கள் வெளியே கட்டியிருந்த தார்ப்பாயைச் சுருட்டினார்கள். நான் எழுந்து சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அதன் பாட்டரி பழையது. எத்தனை நிமிடம் தாங்கும் என்று தங்கச்சனுக்கும் தெரியவில்லை.

"ட்யூப்லைட்ட அணைங்க. ஃபேனும்."

"அதெல்லாம் வேற லைன் மோளே."

"அணைங்க சேட்டா."

அணைத்தார். இருட்டில் இரண்டு பேரும் ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 95. 96. மின்னல் வெளிச்சத்தில் சுவரிலிருந்த மாலை போட்ட படங்கள் தெரிந்து மறைந்தன. 97. யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்தியது மாறித் தொடர்ந்து கத்தத் தொடங்கியது. தங்கச்சன் தலையைக் குனிந்து ஏதோ ஜபித்தார். 99 நெடுநேரம் 99 ஆகவே நின்றது.

முடிந்தது. நான் இரண்டு டிஸ்க்கையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தன. யூபிஎஸ் தானாக அணைந்தது. பிறகு மழை.

சனிக்கிழமை காலையிலிருந்து நகலில் தேடினேன். கேமரா ஒவ்வொரு அடக்கத்தையும் நான்கு ஜிபி துண்டுகளாக எழுதும். அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் கிடைத்தன. ஒன்றுக்கும் பெயரில்லை. எல்லாவற்றிலும் பந்தல், பெட்டி, கறுப்புக் குடைகள், வெள்ளைச் சேலைகள்.

இரண்டு வருடம் முன்பு நான் அப்பச்சனிடம் போனில் சண்டை போட்டிருந்தேன். கோப்புக்குத் தேதியும் பெயரும் வைக்க ஏன் சோம்பல் என்று. "பேரெல்லாம் படத்துக்குள்ளயே இருக்குடி," என்றார். இப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு அடக்கத்தையும் அவர் வீட்டில் தொடங்கவில்லை, தெரு முக்கில் கட்டியிருக்கும் இரங்கல் பலகையில் தொடங்கினார். இறந்தவரின் முகம், வீட்டுப் பெயர், வயது, அடக்கத்தின் நேரம். பத்து விநாடி அசையாமல். ஒவ்வொரு துண்டின் முதல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். நூற்றுப் பதினேழு பலகைகள். தங்கச்சன் பக்கத்தில் நின்று பெயர்களைப் படித்தார்.

சோசாம்மா இல்லை.

மறுபடி பார்த்தோம். இல்லை.

"அப்பச்சன் அன்னிக்குப் பலகைய எடுத்தாரா?"

"எடுத்தார். நான்தானே குடை பிடிச்சேன்."

அப்படியென்றால் அந்த முதல் துண்டு அழிந்திருக்கிறது. அப்பச்சனின் ஐம்பத்தெட்டு ஜிபி அதன் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. மற்றத் துண்டுகள் தப்பியிருக்கலாம், தப்பாமலும் இருக்கலாம். பலகை இல்லாமல் அவற்றை அடையாளம் காண எனக்கு வழியில்லை. தங்கச்சன் விளக்கின் பின்னால் நிற்பவர். அவருக்கு எல்லாப் பெட்டியும் ஒன்றுதான்.

மதியம் லீலாம்மா வந்தார். பையில் இறால் ஊறுகாய், ஏத்தங்காய் வறுவல், அவலோசுப்பொடி. டிவிடியோ பென்டிரைவோ வாங்கிப் போக வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். தங்கச்சன் குறுக்கே வந்து, "தப்பு என்னோடது லீலாம்மே," என்றார்.

லீலாம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "கெடைக்காதா?"

"உங்களுக்கு அடையாளம் தெரியும் சேச்சி. அந்த ஐம்பத்தெட்டு முடியற எடத்துலேருந்து வரிசையா காட்டறேன். உங்க முகத்தப் பாத்தா சொல்லுங்க."

முதல் துண்டு யாரோ. இரண்டாவதும் யாரோ. மூன்றாவதில் கோயிலின் நடுப்பகுதி, பெட்டி, வலைத்துணி.

"நிறுத்து. அந்த நீலக்கரைச் சேலை நான்தான்."

தங்கச்சன் மேசையைப் பிடித்துக்கொண்டார். நான் அடுத்தடுத்ததைத் திறந்தேன். கோயில் வழிபாடு முழுசாக இருந்தது. கல்லறைத் தோட்டமும் இருந்தது. வீட்டு ஜபமும் ஊர்வலமும் போய்விட்டன. நான்கில் ஒரு பங்கு. மிச்சம் கையில்.

எனக்குப் பாரம் இறங்கியது. லீலாம்மாவுக்கு இல்லை. அவர் திரையைப் பார்க்காமல் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பின்சி, கடைசி முத்தம் இருக்கா அதுல?"

"இருக்கும் சேச்சி."

"அத மட்டும் வெட்டிட முடியுமா? அதுவும் அழிஞ்சுடுச்சுன்னு சொல்லிடு."

"எதுக்கு?"

தங்கச்சன் வெளியே போக எழுந்தார். "நீங்களும் இருங்க," என்றார் லீலாம்மா. "அவர் குவைத்துலேருந்து போன்ல இருந்தார். அம்மச்சி காதுல போன வெக்கச் சொன்னார். நாலு வார்த்தை பேசணும்னு. வெச்சேன். எடுத்துப் பாத்தா லைன் கட்டாகி எவ்வளவோ நேரம் ஆச்சு. ராத்திரி கேட்டார், எல்லாம் அம்மச்சி காதுல விழுந்துச்சான்னு. விழுந்துச்சுன்னேன். வேற என்ன சொல்ல? நான் போனப் பாத்து முழிச்சத கேமரா பாத்திருக்கும். அந்த மொகத்தப் பாத்தா அவருக்குத் தெரிஞ்சுடும் மோளே."

நான் அந்த இடத்துக்கு ஓட்டினேன். பெட்டியைச் சுற்றி ஆட்கள். ஒருவர் பின் ஒருவராகக் குனிகிறார்கள். கேமராவின் மைக்கில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது, ஏறி இறங்கி, இடையில் நின்று. அப்பச்சன். கேமராவைத் தோளில் வைத்திருந்தார். நான் ஒலியைக் குறைக்கவில்லை. அந்த வாரம் செவ்வாய் இரவு அவர் போனில், "கொஞ்சம் மூச்சு வாங்குதுடி," என்றார். "எனக்கு வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்," என்றேன்.

லீலாம்மா போனை மாமியாரின் காதருகே வைக்கிறார். வைத்த கை அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. பாதிரியார் வந்து நிற்கிறார். நான்கு நிமிடம் தாண்டிக் கை மேலே வருகிறது. அவர் முகம் போனை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது. அந்த நொடியில் வெளிச்சம் சட்டென்று இறங்கி, படம் மெதுவாகப் பாதிரியாரின் கைகளுக்கு நகர்கிறது. முகம் மூடும் துணி. லீலாம்மாவின் முகம் இல்லை.

"லைட்டு ஏன் எறங்குச்சு?" என்றேன்.

"என் கால மிதிச்சார்," என்றார் தங்கச்சன். "கோயில்ல பேச முடியாதில்ல. ஒரு மிதி மிதிச்சா எறக்கணும், ரெண்டு மிதிச்சா ஏத்தணும். அன்னிக்கு ஒரே மிதி, நகம் பேர்ற மாதிரி. மனுஷன் கண்ணு தெரியாம மிதிக்கறாரேன்னு உள்ளுக்குள்ள திட்டினேன்." தன் இடது பாதத்தைப் பார்த்தார். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

லீலாம்மா அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்று முறை பார்த்தார். "வெட்ட வேண்டாம்," என்றார். ஊறுகாய்ப் புட்டி ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து போன் வந்தது.

"பின்சியா? ஜோயிக்குட்டி. பாத்தேன்."

"வீட்டு ஜபம் போயிடுச்சு சேட்டா. எங்க தப்பு. மன்னிச்சுடுங்க."

"கோயில் இருக்கே, போதும்." பின்னால் ஏதோ இயந்திரம் ஓடியது. "ஒண்ணு சொல்லட்டா? லைன் கட்டானது எனக்கு அப்பவே தெரியும். அம்மச்சீன்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன், டொக்குன்னு போச்சு. திரும்பக் கூப்பிட்டா போகல. அது விதி. ஆனா கட்டானதும் அவ போன கீழ வெச்சுட்டாளா, இல்ல காதுலயே பிடிச்சிருந்தாளா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்னு இருந்துச்சு."

"நாலு நிமிஷம் பிடிச்சிருந்தாங்க."

"நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. நான் எண்ணிட்டேன்." சிரித்தார், அல்லது சிரிப்பு மாதிரி ஏதோ. "இது லீலாம்மாவுக்குத் தெரிய வேண்டாம் மோளே. நான் பேசினது அம்மச்சிக்குக் கேட்டுச்சுன்னே அவ சொல்லிட்டிருக்கட்டும்."

சொல்ல மாட்டேன் என்றேன். இதை எழுதும்போது அவர்கள் வீட்டார் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அப்பச்சனின் பெயரையும் தங்கச்சனின் பெயரையும் மாற்றவில்லை.